நூறு மீட்டருக்குள்ள

அந்தக் கேமராவ மடியில வச்சுக்கங்க சார். இந்த ரோட்டுல வண்டி குலுங்குற குலுக்குல கீழ விழுந்து உடைஞ்சிரும். பூசாரிமேட்டுக்குத்தான போறீங்க? கண்டக்டர்கிட்ட நீங்க கேட்டது காதுல விழுந்துச்சு. நடுகல்லுப் பாக்க வர்றவுக எல்லாரும் இந்த வண்டியிலதான் வருவாக. எடம் வந்ததும் நான் சொல்றேன், இன்னும் நேரம் கெடக்கு. நல்லாச் சாஞ்சு உக்காருங்க தம்பி. சார். வாய் தவறித் தம்பின்னு வந்திருது. வேணாம், சார்னே கூப்புடுறேன்.

எம் பேரு தவசி. அந்தக் கல்லு எங்க கல்லு. அங்க போனா நீலக் கலருல ஒரு போர்டு நிக்கும், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது, பாதுகாக்கப்பட்டது, சேதப்படுத்துனா செயிலு அபராதம்னு. அதப் படிச்சிட்டு அரசாங்கக் கல்லுன்னு நெனச்சிராதீங்க. அவுக வந்தது நேத்து. எங்க வீட்டு ஆளுக கும்புட்டது எத்தன தலமுறையோ. கல்லுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க, முதுகுல வழவழன்னு பள்ளம் விழுந்திருக்கும். நாங்க அருவா தீட்டுன பள்ளம். அறுப்புல இறங்குறதுக்கு முந்தி எங்க வீட்டு ஆம்பளைக அந்த முதுகுல அருவாளத் தீட்டி, நுனியில பெருவெரலக் கீறி, ஒரு சொட்டு ரத்தம் கல்லு நெத்தியில வைப்போம். அதுக்கப்புறம்தான் வயலு. எங்கப்பா வச்சாரு, நான் வச்சேன், எந் தம்பி சன்னாசியும் வச்சான். அவனுக்கு மொதத் தடவ கீறிவிட்டது நான்தான். அழுதான். ஓங்கி ஒண்ணு விட்டேன், அழுகை நின்னுருச்சு. எங்கப்பா என்ன அடிப்பாரு, நான் அவன அடிப்பேன், எங்க வீட்டுல அது வழக்கம்.

ஒரு புரொபசர் வந்தாரு. நல்ல மனுசன். கல்லக் கழுவி, ஈரத் தாள ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மை ஒத்திப் படியெடுத்தாரு. அப்பத்தான் அதுல எழுத்து இருக்குன்னே எங்களுக்குத் தெரியும். தொறு மீட்டுப் பட்டான்னு இருக்காம். தொறுன்னா மாட்டு மந்தை. பட்டான்னா செத்தான். மாட்ட ஓட்டிட்டுப் போன கூட்டத்த ஒத்த ஆளா மறிச்சு, மாட்ட மீட்டுட்டுச் செத்திருக்கான் ஒருத்தன். அவனுக்கு அவன் அண்ணன் நட்டு வச்ச கல்லாம். கேட்டதும் எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. கவனிச்சீங்களா, நட்டது மூத்தவன். அப்ப அந்தக் கல்லு யாருக்குச் சேரணும்? மூத்தவனுக்குத்தான?

எங்கப்பாவுக்கு அந்த அறிவு இல்லாமப் போச்சு. பாகம் பிரிக்கிறப்ப வீட்ட எனக்கு விட்டாரு, கல்லு நிக்கிற துண்டச் சின்னவனுக்கு விட்டாரு. விட்டுட்டுச் செத்தும் போனாரு. நான் என்ன செய்ய? மனசுல வச்சுக்கிட்டேன்.

சன்னாசி கட்டுன பொண்ணு ஈசுவரி. பேசத் தெரிஞ்ச பிள்ள. அவ சொல்லிக் குடுத்தாளோ, இவனாத்தான் யோசிச்சானோ, ஒரு நா வந்து நிக்கிறான். “அண்ணே, அந்தத் துண்டுல சின்னதா ஒரு மச்சு வீடு போடலாம்னு இருக்கேன். வாடகை வீட்டுல எத்தன நாளைக்குக் கெடக்குறது? கல்லப் பூசை போட்டு எடுத்து வேப்பமரத்தடியில மேடை கட்டி வச்சிருவோம். நீயே உங் கையால நட்டு வையிண்ணே”ங்கிறான்.

முப்பாட்டன இடம் மாத்துறானாம். அதுக்கு நான் என் கையால நட்டுக் குடுக்கணுமாம். கையில மம்பட்டி இருந்துச்சு, திருப்பிப் புடியால வாயில ஒண்ணு வச்சேன். முன்பல்லு ரெண்டும் மண்ணுல விழுந்துச்சு. சத்தம் போடல அவன். குனிஞ்சு பல்லப் பொறுக்கி, உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னான். அவன் எப்பவுமே அப்படித்தான் சார், கல்லுளிமங்கன். திருப்பி அடிச்சாலாவது மனுசனுக்கு மனசு ஆறும்.

மறுநாளே அஸ்திவாரத்துக்குக் கோடு போட ஆரம்பிச்சிட்டான். நான் நேரா புரொபசர் வீட்டுக்குப் போனேன். கல்லுக்கு ஆபத்து, எந் தம்பி பேத்து எறியப் போறான்னு சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், சொன்னாத்தான வேல நடக்கும். அவரு பதறிப் போயி மெட்ராசுக்கும் டெல்லிக்கும் எழுதினாரு. ஜீப்புல ஆளுக வந்தாக. போட்டோ புடிச்சாக, அளந்தாக. அப்புறம் பஞ்சாயத்து ஆபீசு செவுத்துல ஒரு அறிவிப்பு ஒட்டுனாக. இந்தக் கல்ல அரசாங்கம் பாதுகாப்புல எடுக்கப் போகுது, ஆட்சேபணை இருக்கிறவுக ரெண்டு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலாம்னு. ஆட்சேபணை யாருக்கு இருக்கும்? அவனுக்குத்தான இருக்கும்? அந்த ரெண்டு மாசமும் அவன் வாசலுக்கு எதுத்தாப்புல அருவாளோட உக்காந்திருந்தேன். எங்க போறான், யாரப் பாக்குறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

கடைசியில ஒரு நா மஞ்சப் பையோட பஸ் ஏற வந்தான். ஊருக்குப் பிரியுற விலக்குலயே மறிச்சேன். பையப் புடுங்குனா உள்ள மனு. நீட்டா எழுதி வச்சிருக்கான். அவன் தலமயிரப் புடிச்சு மண்டி போட வச்சு, அந்தத் தாளக் கசக்கி வாயில திணிச்சேன். மென்னு முழுங்குடான்னேன். ஊரே நின்னு பாக்குது. பல்லு இல்லாத வாயால மெல்லுறான், கண்ணுல தண்ணி ஊத்துது, ஊடால என்னமோ நூறு நூறுங்கிறான். “அண்ணே, நூறு மீட்டருண்ணே, ஒனக்குந்தாண்ணே எழுதுனேன்”னு. வாய் நெறையக் காகிதத்த வச்சுக்கிட்டுப் பேசுனா யாருக்குப் புரியும்? நான் காதுல வாங்கல. முழுங்குற வரைக்கும் கழுத்த விடல.

ஆட்சேபணை ஒண்ணும் வரலைன்னு கெசட்டுல போட்டுட்டாக. வேலி வந்துச்சு, நீலப் போர்டு வந்துச்சு. சன்னாசி தோண்டுன அஸ்திவாரக் குழிய அவன் கையாலயே மூடச் சொன்னாக. மூடுனான். போர்டு நட்ட அன்னைக்குப் பெரிய ஆபீசர் எனக்குத்தான் மாலை போட்டாரு. பாரம்பரியத்தக் காப்பாத்துன குடிமகன்னு மைக்குல சொன்னாரு. நான் சரவெடி வாங்கி, சன்னாசி வீட்டு வாசல்ல வச்சுக் கொளுத்துனேன். அந்த வருசம் மாட்டுப் பொங்கல் மாதிரி ஒரு பொங்கல் நான் பாத்ததில்ல.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, நான் கெட்டவன் இல்ல. கல்லுக்காகச் செஞ்சேன்.

தைக்கு அப்புறம் எம் மக வளர்மதிக்கு ஒரு எடம் கூடி வந்துச்சு. நல்ல எடம். மாப்பிள வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாக, பந்தல் போடுற வாசல் கொஞ்சம் லட்சணமா இருக்கட்டும்னு. எங்களுது மண்ணுச் செவுரு, ஓட்டு வீடு. நான்தான் ரோசக்காரனாச்சே, முழுசா இடிச்சுட்டு மச்சு வீடாவே போட்டுருவோம்னு ஓட்டப் பூராம் இறக்கிட்டேன். செங்கல்லு இறங்கியாச்சு. கொத்தனாரு நூலப் புடிச்சு நிக்கிறாரு. ஜீப்பு வருது.

யாரோ போன் பண்ணியிருக்கான். ஆபீசரு இறங்கி வணக்கம் சொல்றாரு, எனக்கு மாலை போட்ட அதே ஆளு. “இந்த வீடு தடை செய்யப்பட்ட பகுதியில வருதுங்களே, நூறு மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக் கூடாதுங்களே”ங்கிறாரு. எந்த நூறு மீட்டருன்னேன். கூட வந்தவன் வேலியில இருந்து டேப்ப இழுத்துட்டு வாறான் சார். பாதையத் தாண்டி வாறான், என் வாசப்படி மேல ஏறுறான், பட்டாசாலையத் தாண்டுறான், அடுப்படியத் தாண்டுறான், பின்னால மாட்டுத் தொழுவத்துல போய்ச் சாணி மேல நின்னு, இங்கதான் முடியுதுன்னு கையத் தூக்குறான். அதுக்கு அந்தப் பக்கம் கட்டணும்னாலும் அனுமதி வாங்கணுமாம். மாடு குடியிருக்கிற எடத்துல நான் குடியிருக்க மனுப் போடணும்.

இறக்குன ஓட்டையாவது திரும்ப ஏத்திக்கிறேன்னேன். அதுக்கும் மனு, அதுக்கும் மேலிடம். இருக்குறத ரிப்பேர் பாக்க அனுமதி உண்டாம், இல்லாதத ரிப்பேர் பாக்க முடியாதாம். என் வீட்டுக்குக் கூரை இல்ல, அப்ப அது இல்லாததுல சேருதாம்.

எனக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. அந்த டேப்ப வாங்கி, புடிச்சிருந்தவன் கழுத்துல ரெண்டு சுத்து சுத்தி இறுக்கிட்டேன். ஸ்டீலு டேப்பு. கழுத்துல ரத்தக் கோடு விழுந்துருச்சு. கொத்தனாருக எல்லாம் சேந்து என் கையப் பிரிச்சு எடுத்தாக. செத்தெல்லாம் போகல அவன், சும்மா மயக்கம்தான்.

ஸ்டேசன்ல என்னக் கவுத்துப் போட்டு உள்ளங்கால்லயே அடிச்சாங்க. அரசாங்க ஊழியரு மேல கை வச்சா அப்படித்தானாம். காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு, தரையில ஊன முடியல. ஜாமீனுக்கு யாரு வந்தா தெரியுமா? சன்னாசி. கையெழுத்துப் போட்டான், என்ன முதுகுல தூக்கிக்கிட்டான். விலக்குல இருந்து வீடு வரைக்கும் தூக்கிட்டே வந்தான். ஊரு பாக்கணும்னே தூக்குனான் சார். ஒரு ஆட்டோ புடிச்சிருக்கலாம்ல? பாருங்கடா, எங்க அண்ணன் நிலைமையன்னு காட்டிட்டுப் போறான். நான் முதுகுல கெடந்துக்கிட்டே அவன் காதக் கடிச்சேன். அப்பவும் இறக்கிவிடல.

அந்த வருசம் மழையும் ஒரு மழை பேஞ்சுச்சு பாருங்க. தார்ப்பாயக் கட்டிக் குடியிருந்தோம். மண்ணுச் செவுரு கரைஞ்சு கரைஞ்சு சரிஞ்சது. மாப்பிள வீட்டுக்காரக வந்து பாத்துட்டு, சொல்லி அனுப்புறோம்னு போனவுகதான். எம் மக அழுகல. அழுதிருந்தா தேவலை. எம் பொண்டாட்டி ராசாத்திதான், நீ தோண்டுன குழின்னு வாயத் தொறந்தா, தார்ப்பாய்க் கயிறாலயே வெளுத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே சன்னாசி வந்து ரெண்டு பேரையும் அவன் வாடகை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான். என்னையும் கூப்புட்டான். ஒரு மனுவாப் போடுவோம்ணே, ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டா கேப்பாங்கன்னான். எனக்கு அது நக்கலாத் தெரிஞ்சது. ஈசுவரி சோறு கொண்டாந்து வச்சா, “மாமா, கோவத்தச் சோத்து மேல காட்டாதீங்க”ன்னா. தூக்குச் சட்டியத் தூக்கி எறிஞ்சேன். அவ நெத்தியில பட்டுத் தையல் போட்டாக. நான் சட்டிய எறிஞ்சேன், அவ தல அங்க இருந்துச்சு.

தார்ப்பாய்க்குக் கீழ தனியாக் கெடந்து யோசிச்சேன். கல்லு இருக்கங்காட்டித்தான நூறு மீட்டரு? கல்லு இல்லைன்னா எங்க இருந்து டேப்பப் புடிப்பான்? இந்தச் சின்ன விசயம் ஒருத்தனுக்கும் தோணல பாருங்க. கல்லுடைக்கிறவன்கிட்ட ஒரு சம்மட்டிய வாங்குனேன்.

நல்ல உச்சி வெயிலு. ஒளிஞ்சு மறைஞ்செல்லாம் போகல, எங்க கல்லுக்கு நான் ஏன் ஒளியணும்? வேலிய மிதிச்சுச் சாச்சுட்டு உள்ள போனேன். மொத அடியில கல்லுல வாள் புடிச்சிருக்கிற கை தெறிச்சு விழுந்துச்சு. சத்தங் கேட்டு சன்னாசி காட்டு வேலைய விட்டுட்டு ஓடியாறான். வந்தவன் என்னப் புடிச்சிருந்தாக் கூடச் சரி, ரெண்டு பேரும் கட்டி உருண்டிருப்போம். இவன் போயிக் கல்லக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். சின்னப் பிள்ள தூணக் கட்டிக்கிற மாதிரி. “அண்ணே, முப்பாட்டண்ணே, வேணாண்ணே. அடிக்கிறதுன்னா என்ன அடிண்ணே, எனக்குப் பழக்கந்தான்”ங்கிறான்.

அவனுக்கு என்ன வந்துச்சு சொல்லுங்க? அந்தக் கல்லாலதான அவன் வீடும் கட்டாம நின்னுச்சு? கல்லு போனா அவனும் கட்டிக்கலாம், நானும் கட்டிக்கலாம். அவனுக்கும் சேத்துத்தான் அடிக்கிறேன். தள்ளுடான்னு சொன்னேன் சார். சத்தமாவே சொன்னேன், காட்டுல நின்னவுக கேட்டிருக்காக. தள்ளல.

சம்மட்டி மேல போயிருச்சு. மேல போன சம்மட்டிய நிறுத்த முடியுமா? பொறங்கழுத்துக்குக் கீழ, தோள்ல விழுந்துச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டுச்சு. அப்பவாவது விலகியிருக்கணுமில்ல? ஒரு கைதான் தொங்குது, இன்னொரு கையால இன்னும் இறுக்கிப் புடிக்கிறான். என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. அந்த வீம்புதான் சார் என்ன வெறியாக்கிருச்சு. ரெண்டாவது தடவ தூக்குனப்பயும் அவன் அங்கயேதான் இருந்தான்.

நான் கல்லத்தான் அடிச்சேன். கோர்ட்டுலயும் இதத்தான் சொல்லியிருக்கேன், கடைசி வரைக்கும் இதத்தான் சொல்லுவேன். அவன் குறுக்க வந்தான். ஒரு சொட்டு வைக்கிற நெத்தி அது. அன்னைக்குக் கல்லு மூஞ்சியே தெரியல.

ஊரு என்னச் சும்மா விடல. நீலப் போர்டு கம்பியிலயே வச்சுக் கட்டி, ஆளாளுக்கு அடிச்சாக. இந்தா பாருங்க, இந்தக் கண்ணு அன்னைக்குப் போனதுதான். போலீசு வந்து அவுத்துவிட்டுக் கூட்டிட்டுப் போச்சு. இப்ப எம் மேல ரெண்டு கேசு. கல்லச் சேதப்படுத்துனதுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. கல்லு கேசுக்குத்தான் மொதல்ல ஆளுக வந்து கணக்கா அளந்தாக, ஒடைஞ்ச கையப் பஞ்சுல சுத்தி எடுத்துட்டுப் போனாக. திரும்ப ஒட்டிருவாங்களாம். தம்பியும் போர்வையில சுத்தித்தான் போனான்.

நிபந்தனை ஜாமீன்ல வந்திருக்கேன். தேனியில ஒரு பஞ்சு குடோன்ல வாச்மேன் வேல. தெனம் இந்த வண்டியில போயி, பூசாரிமேட்டத் தாண்டி இருக்கிற ஸ்டேசன்ல கையெழுத்துப் போட்டுட்டு, இதே வண்டியில திரும்பணும்.

இப்ப எனக்கு நியாயம் ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. படிச்சவுக மாதிரி இருக்கீங்க.

ஈசுவரி அவனுக்கு ஒரு கல்லு நட்டிருக்கா. செத்த எடத்துலயே நடணும்னு நின்னிருக்கா. வேலிக்குள்ள புதுசா எதுவும் வைக்கக் கூடாதுன்னு ஆபீசரு சொல்லிட்டாரு. சரின்னு வேலிக்கு வெளிய, நேரா என் வீட்டு வாசப்படிக்கு எதுத்தாப்புல, பாதை ஓரமா நட்டுட்டா. புரொபசருதான் எழுத்துச் சொல்லிக் குடுத்தாராம். கல் காத்துப் பட்டான் சன்னாசின்னு வெட்டியிருக்கு. அப்படி எழுதலாமா? யாருகிட்ட இருந்து காத்தான்னு படிக்கிறவன் கேக்க மாட்டானா? விபத்துன்னுல்ல எழுதியிருக்கணும்.

அறுப்புக்கு இறங்குறவன் எல்லாம் இப்ப அந்தக் கல்லுலதான் அருவா தீட்டுறானாம். எங்க குடும்பத்து வழக்கத்த ஊரே எடுத்துக்கிருச்சு.

ஜாமீன்ல வந்த புதுசுல ஒருக்க இறங்குனேன். எங்கயும் போகல, என் வீட்டுக்கு, இருக்கிற செவுத்துல சாஞ்சு உக்காரலாம்னு. பாதையில பாதி தூரம் போகல, ஊரு வந்து நின்னுருச்சு. கல்லு எறியல, வையல. முன்னால எம் மக வளர்மதி நிக்கிறா. கையில அருவா. எங்க வீட்டு அருவா, நான் தீட்டுனது. கால் பெருவெரலால பாதையில ஒரு கோடு இழுத்தா. “சித்தப்பா கல்லு இருக்கு. இதுக்கு மேல வராத”ன்னா. பின்னால ராசாத்தி, அவ பக்கத்துல ஈசுவரி, நெத்தித் தழும்போட. ஒரு பக்கமா நின்னிருந்தாகன்னா சுத்திப் போயிருப்பேன். சுத்திப் பாத்தேன், எல்லாப் பக்கமும் அதே தூரத்துல ஆளு நிக்கிது.

கண்ணாலயே அளந்தேன் சார். அந்தக் கோட்டுல இருந்து கல்லுக்கு நூறு மீட்டருக்குக் கூடவே இருக்கும். என் வீடு முழுசும் உள்ள வந்திருச்சு, மாட்டுத் தொழுவமும் சேத்து.

நான் கேக்குறது இதுதான். அந்தக் கல்லுக்குப் போர்டு இல்ல. வேலி இல்ல. பஞ்சாயத்துச் செவுத்துல ஒட்டல, ஆட்சேபணை கேக்கல, கெசட்டுல வரல. அப்புறம் எந்தச் சட்டத்துல என்ன நிறுத்துறாக? நீலப் போர்டுக்காரனுக்காவது மனுப் போடலாம். இவுகளுக்கு நான் எங்க போயி மனுப் போட?

இந்தா விலக்கு வந்திருச்சு. அந்தா பாருங்க, வேலி தெரியுதா? அதுக்கு இந்தப் பக்கம், மாலை கெடக்குதே, அதுதான் அவன். அதுக்குப் பின்னால செவுரு மாதிரி ஒண்ணு தெரியுதுல்ல, எனக்கு இந்த ஒத்தக் கண்ணுல சரியாத் தெரிய மாட்டேங்குது. வாசப்படி இன்னும் இருக்கான்னு மட்டும் பாத்து வச்சிருங்க. திரும்பி வாறப்ப ஜன்னலோரமா உக்காந்திருப்பேன், தலைய ஆட்டுனாப் போதும், புரிஞ்சுக்குவேன். எம் பேரச் சொல்லிராதீங்க அங்க.

நான் இறங்கல. படி உயரம் ஜாஸ்தி, கம்பியப் புடிச்சுக்கங்க. பாத்து இறங்குங்க தம்பி.